படத்தின் இடது மூலை

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட மூத்த டாக்டர்களும் அப்படித்தான். ஜன்னல் இல்லாத அடித்தளத்து அறையில், "மூச்சை இழுத்துப் பிடிங்க... அசையாதீங்க... சரி, விடுங்க" என்று நாள் முழுக்கச் சொல்வது அவள் வேலை. வீட்டில் அவளுக்குப் பெயர் வாலு. சின்ன வயதில் ஓரிடத்தில் உட்காராதவள் என்று அவளுடைய அக்கா வைத்த பெயர், நாற்பது தாண்டியும் உதிரவில்லை. இணையத்தில் விமானப் படங்களைப் பகிர்ந்துகொள்ளும் ஒரு குழுவில் சேர்ந்தபோது, என்ன பெயரில் வருகிறீர்கள் என்று கேட்ட கட்டத்தில் அதையே எழுதிவிட்டாள். அவள் போடும் படங்களில் பெரும்பாலும் விமானத்தின் வால்தான் இருக்கும் என்பதால், எவ்வளவு பொருத்தமான புனைபெயர் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

வால் படம் எடுப்பதற்குக் காரணம் அவளும் அக்காவும் குடியிருந்த வீடு. அடுக்கு வீட்டின் மேல்தளம். விமான நிலையத்தில் இறங்க வருகிற விமானம் அந்த மொட்டைமாடிக்கு நேர் மேலே கடந்துபோகும். வருவதை ஒரு படம் எடுத்துவிட்டு, கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காமலே அப்படியே திரும்பி, போவதையும் எடுப்பாள். போகும்போது எடுப்பதுதான் நன்றாக வரும். அந்த நேரத்தில் கீழே வீட்டில் அலமாரித் தட்டுகள் கலகலக்கும். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருக்கும் அக்கா, சத்தம் அடங்கும் வரை கையை அப்படியே நிறுத்தி வைத்திருப்பாள். அக்கா தையல்காரி. கல்யாணம் சரிப்பட்டு வராமல், கொண்டுபோன தையல் மெஷினோடு திரும்பி வந்தவள். தங்கை கல்யாணத்தின் பக்கமே போகவில்லை.

சில வருடங்களில் வாலு அந்தக் குழுவில் படம் சரிபார்ப்பவர்களில் ஒருத்தி ஆகிவிட்டாள். யார் எதை அனுப்பினாலும் முதலில் இவர்கள் பார்த்துத் தேர்வு செய்ய வேண்டும். அடிவானம் சாய்ந்திருந்தால் தள்ளுபடி. லென்ஸில் தூசி தெரிந்தால் தள்ளுபடி. மனிதர்கள் குறுக்கே வந்தால் தள்ளுபடி. இதற்குச் சம்பளம் கிடையாது.

"மாமியார் ஆகலைங்கிற குறையை இதுல தீர்த்துக்கறே" என்பாள் அக்கா.

அந்த வருடம் வெயில் தணிந்த சமயத்தில் "கடைசி வரிசை" என்ற பெயருள்ள கணக்கிலிருந்து ஒரு படம் வந்தது. விமான நிலையச் சுற்றுச்சுவரின் ஓரத்திலிருந்து எடுத்தது. வெள்ளை விமானம், சக்கரங்களை இறக்கிக்கொண்டு வருகிறது. தெளிவில்லை, கை நடுங்கிய படம். விமானத்தின் பெயர், வகை, நேரம் எதுவும் இல்லை. குறிப்பு எழுதும் இடத்தில் ஒரே ஒரு சொல் இருந்தது: இங்கே.

தள்ளுபடி செய்து, காரணத்தையும் எழுதினாள். அடுத்த நாள் அதே இடம், இன்னொரு விமானம், கொஞ்சம் தெளிவாக. குறிப்பு அதே "இங்கே". கூடவே ஒரு செய்தி: "அதே மாதிரி வர இன்னும் எவ்வளவு இடது பக்கம் போகணும்?"

"எதே மாதிரி?" என்று கேட்டாள். பதில் இல்லை.

அதன் பிறகு படங்கள் வந்துகொண்டே இருந்தன. வாய்க்கால் பாலத்திலிருந்து ஒன்று. பெட்ரோல் பங்கின் பின்னாலிருந்து ஒன்று. டயர் கடைக்குப் பக்கத்துக் காலி மனையிலிருந்து ஒன்று. விமானங்களை மட்டுமே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இடங்கள் உறைக்கக் கொஞ்சம் நாள் ஆயிற்று. ஒரு மாலை பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது, வாய்க்கால் பாலம் கடந்தது, பெட்ரோல் பங்க் கடந்தது, டயர் கடை கடந்தது. அது அவள் வீட்டுக்கு வரும் வழி. அந்தப் படங்கள் ஒவ்வொரு நிறுத்தமாக அவள் வீட்டை நோக்கி வந்துகொண்டிருந்தன.

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கணக்கைத் திறந்து முதலிலிருந்து பார்த்தாள். கடைசி வரிசை புது ஆள் இல்லை. நாலு வருடத்துக்கு முன்னால் நிறையப் படம் போட்டிருக்கிறார்; நல்ல கை. அதன் பிறகு சத்தமே இல்லை. அந்தப் பழைய படங்களிலும் சுற்றுச்சுவர், வாய்க்கால் பாலம், பெட்ரோல் பங்க், டயர் கடை. அதே இடங்கள், அதே வரிசையில். இப்போது வருபவை அவற்றின் மேலேயே நடந்து வருகின்றன. மரங்கள் மட்டும் வளர்ந்திருந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை வந்த படத்தில் விமானம் மேலே இருந்தது. கீழே ஒரு மொட்டைமாடி, அதன் மேல் செல்போன் டவர், கொடிக் கம்பியில் ஒரு மஞ்சள் திரைத்துணி. அந்தத் திரைத்துணியை அக்கா நேற்றுத்தான் அலசிப் போட்டிருந்தாள்.

"அக்கா, கொஞ்சம் இங்க வாயேன்."

அக்கா வந்து பார்த்தாள். பிறகு ஜன்னலுக்குப் போய் எதிர் அடுக்கு வீட்டின் மாடியைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. தண்ணீர்த் தொட்டியின் மேல் இரண்டு புறாக்கள் உட்கார்ந்திருந்தன.

"எவனோ அந்த மாடியில நின்னு எடுத்திருக்கான். போலீஸ்ல சொல்லு."

"என்னன்னு சொல்றது? விமானத்தைப் படம் எடுத்தான்னா?"

"வீட்டை எடுத்திருக்கான்னு சொல்லு."

"நான் வருஷக் கணக்கா ஊர்ல இருக்கிறவங்க வீட்டை எல்லாம் சேர்த்துத்தான் எடுத்துட்டு இருக்கேன்."

அக்கா மாடிக்கு ஏறினாள். போய்த் திரைத்துணியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அடுத்த படத்தை வாலு ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, கை கால் கழுவி, காப்பி டம்ளரோடு உட்கார்ந்து திறந்தாள். நேர்த்தியான படம். அடிவானம் நூல் பிடித்தாற்போல் இருந்தது. விமானம் நேர் எதிரே, பெரிதாக, வயிறு தெரிய வருகிறது. அதன் கீழே, படத்தின் நடுவில், ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். இரண்டு கையையும் தூக்கிக் கேமராவைக் கண்ணில் வைத்திருக்கிறாள். பின் கழுத்தில் முடி காற்றுக்குப் பிரிந்திருக்கிறது. கை நீட்டினால் தொட்டுவிடலாம் என்கிற தூரத்திலிருந்து எடுத்தது. அதற்கும் கீழே அதே சொல்: இங்கே.

காப்பியை எப்போது கீழே வைத்தாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. கை தானாகப் பின் கழுத்துக்குப் போயிற்று.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். முகத்தைத் தேடவில்லை, சட்டையைத்தான் பார்த்தாள்.

"இது என் தையல்" என்றாள். "துணி பத்தலைன்னு தோள் பட்டைக்கு வேற கட்டம் போட்ட துணி வச்சுத் தச்சேன். நீகூட மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டே."

"அந்தச் சட்டை இப்ப எங்க இருக்கு?"

"எங்க இருக்கு? கிழிச்சுக் கரித்துணி ஆக்கி நாலு வருஷம் இருக்கும்."

படத்தின் ஓரத்தில் தெரிந்ததும் பழைய சிமெண்ட் தொட்டிதான். அதை இடித்துவிட்டுக் கறுப்புத் தொட்டி வைத்து வெகு நாளாயிற்று. ஆக, நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு பகல் நேரத்தில், இந்த மாடியில், அவள் முதுகுக்குப் பின்னால் ஒருவர் நின்றிருக்கிறார். மாடிக் கதவைத் திறந்தால் கழுதை கத்துகிற மாதிரி சத்தம் வரும். விமானம் தலைக்கு மேல் வரும்போது கழுதை என்ன, கட்டடமே இடிந்தாலும் கேட்காது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் கூப்பிடவும் இல்லை. எவ்வளவு நேரம் நின்றார், எப்போது போனார் என்று சொல்ல யாரும் இல்லை.

அவளுக்குப் பயத்தைவிடக் கூச்சம்தான் அதிகமாக வந்தது. அடுத்தவர் எலும்பு வரை பார்க்கிற வேலை அவளுடையது. தன்னை யாரோ பார்த்துக்கொண்டு நின்றதை இப்போது, இத்தனை வருடம் கழித்து, உடம்பு உணர்ந்தது.

செய்தி எழுதினாள்: "இந்தப் படம் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?"

இந்தத் தடவை உடனே பதில் வந்தது. "என் மகன் எடுத்தது. அவன் கடைசியாக எடுத்த படம். போடாமல் வைத்திருந்தான். இந்த அம்மா யார் என்று தெரிந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்."

யோசித்தாள். பிறகு, "நான்தான்" என்று எழுதினாள்.

பதிலுக்கு இரண்டே சொல் வந்தது. "அவன் எங்கே?"

வீட்டுக்கு வரச் சொல்ல அக்கா சம்மதிக்கவில்லை. வாலு அவரை ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னாள். மறுநாள் மதியம், நோயாளிகள் குறைந்த நேரத்தில், எக்ஸ்ரே அறைக்கு வெளியே உள்ள பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெளுத்த அரைக்கைச் சட்டை, மடியில் ஒரு பழைய கேமரா. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். தெருவில் மாஸ்டர் என்பார்களாம். ஆயுள் முழுக்க அடுத்தவர் ஓட்டும் காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பழகியதால், பேசும்போது ஏதாவது சங்கடமான இடம் வந்தால் அவருடைய வலது கால் தரையை அழுத்தியது. அங்கே பிரேக் இல்லை.

"உங்களைப் பயமுறுத்திட்டேனாம்மா?"

"கொஞ்சம்."

"எனக்கு வேற வழி தெரியலம்மா. அவன் வீட்டை விட்டுப் போய் நாலு வருஷம் ஆச்சு. ஸ்கூலைப் பாத்துக்கோன்னேன். மாட்டேன்னான். நான் ஒரு வார்த்தை சொன்னேன், அவன் ஒரு வார்த்தை சொன்னான். அவ்வளவுதான். போன் நம்பரை மாத்திட்டான்."

"அவரோட கணக்கு உங்களுக்கு எப்படித் திறந்துச்சு?"

"பாஸ்வேர்டா எங்க ஸ்கூலோட முதல் கார் நம்பரைப் போட்டுப் பார்த்தேன். திறந்துடுச்சு." கால் அழுத்தியது. "அந்தக் காரைக் கண்டாலே அவனுக்குப் பிடிக்காதுன்னு நினைச்சுட்டு இருந்தேன்."

மகன் எடுத்த ஒவ்வொரு படத்தின் இடத்தையும் தேடிப்போய், அங்கே நின்று, அதே மாதிரி ஒரு படம் எடுத்திருக்கிறார். ஒவ்வொன்றாகப் போனால், கடைசிப் படத்தின் இடத்துக்கு வந்து சேரும்போது, அங்கிருந்து அவன் எங்கே போனான் என்று தெரிந்துவிடும் என்று நம்பியிருக்கிறார். குழுவில் போட்டால் யாராவது இடத்தை அடையாளம் சொல்வார்கள் என்று ஒரு நினைப்பு. எதிர் வீட்டு மாடிக்கு ஏறியபோதுதான், அந்தக் கடைசிப் படத்தில் உள்ளது எதிரே தெரிகிற மாடி என்று தெரிந்திருக்கிறது.

"நீங்க அவன்கூடப் பேசலையா? பேர்கூடக் கேக்கலையா?"

"அவர் நின்னதே எனக்குத் தெரியாது சார்."

"இவ்வளவு கிட்ட நின்னுருக்கான்" என்றார் அவர், குற்றமாகச் சொல்லவில்லை, தனக்குத்தானே.

அறைக்குள்ளிருந்து யாரோ இருமினார்கள். வாலு எழுந்து போய், மூச்சை இழுத்துப் பிடிங்க என்றாள். விடச் சொல்ல மறந்துபோனாள். அந்த ஆள் முகம் சிவந்து கையை ஆட்டிய பிறகுதான் நினைவு வந்தது.

மாலையில் தன் பழைய படங்களைத் தேட உட்கார்ந்தாள். மகன் எடுத்த படத்தில் விமானத்தின் வயிற்றில் எழுதிய பதிவு எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன. அந்த எழுத்துகளை வைத்துத் தன் சேமிப்பில் தேடியதும் வந்துவிட்டது. அதே விமானம், அதே மேகம். முதல் படம் அது எதிரே வருவது. இரண்டாவது, தலைக்கு மேல் தாண்டியதும் அவள் திரும்பி எடுத்த வால் படம். குழுவில் போட்டு நல்ல பெயர் வாங்கிய படம் அது.

போட்டது வெட்டிச் சீர்செய்த படம். வெட்டாத மூலப் படம் இன்னொரு கோப்புறையில் இருந்தது. அதைத் திறந்தாள்.

இடது மூலையில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

மார்பு வரை தெரிந்தது. மஞ்சள் பளபளப்புச் சட்டை, டவர் வேலைக்கு வருகிறவர்கள் போடுவது. கேமராவை இறக்கி மார்போடு பிடித்திருந்தார். விமானத்தின் மேல் கூர்மை வைத்து எடுத்ததால் முகம் கலங்கியிருந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு நிழல். ஆனால் அவை விமானத்தைப் பார்க்கவில்லை. நேராக அவளைப் பார்த்தன.

டவர்க்காரர்களிடம் மாடிக்குத் தனிச் சாவி உண்டு என்பது அவளுக்கு நினைவு வந்தது. எப்படி ஏறினார் என்பது அதோடு தீர்ந்தது. தீராதது வேறு. இந்தப் படத்தை வெட்டியது அவள். இந்த மேஜையில் உட்கார்ந்து, இந்தத் திரையில், இந்த ஆளைப் பார்த்து, மனிதர் குறுக்கே வந்திருக்கிறார், வெட்டு என்று முடிவு செய்து, வெட்டியிருக்கிறாள். தன் வீட்டு மாடியில், தனக்குப் பின்னால் ஒரு ஆள் நின்றதைக் கண்ணால் பார்த்திருக்கிறாள். துளிகூட நினைவில் இல்லை. எவ்வளவு முயன்றும் வரவில்லை.

"தூசி மாதிரி தட்டி விட்டிருக்கே" என்றாள் அக்கா. பிறகு, அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியதோ என்னவோ, தங்கையின் தலையில் ஒரு நிமிடம் கையை வைத்திருந்தாள்.

மாஸ்டர் மறுபடி ஆஸ்பத்திரிக்கு வந்தார். எக்ஸ்ரே பார்க்கும் பெரிய திரையிலேயே படத்தைப் போட்டுக் காட்டினாள். அவர் பக்கத்தில் போய், பின்னால் வந்து, மறுபடி பக்கத்தில் போனார்.

"இவன்தான்" என்றார்.

"முகம் சரியாத் தெரியலையே சார்."

"முகம் எதுக்கும்மா? நிக்கிறதைப் பாருங்க. ஒரு தோளை இறக்கிட்டு நிப்பான். ஸ்டியரிங்ல உட்கார்ந்தாலும் அப்படித்தான். எத்தனை தடவை சொல்லியிருக்கேன், நேரா உட்காருடான்னு." திரையில் அந்தத் தோளைத் தொட்டார். கண்ணாடியில் விரல் ரேகை பதிந்தது. வாலு அதைத் துடைக்கவில்லை.

மஞ்சள் சட்டையின் மார்பில் ஒப்பந்தக்காரரின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. பெரிதாக்கினால் பாதி எழுத்து தெரிந்தது. அது போதுமானதாக இருந்தது. போவதற்கு முன் அவர் தயங்கி, அந்தப் படத்தில் மகன் இருக்கும் பகுதியை மட்டும் பெரிதாக ஒரு பிரதி போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். போட்டுக் கொடுத்தாள். கடையில் பிரதி எடுத்தவர், "படம் கலங்கியிருக்கே, பரவாயில்லையா?" என்று கேட்டார். பரவாயில்லை என்றாள்.

ஒப்பந்தக்காரரைப் பிடித்து, அவர் சொன்ன இன்னொருவரைப் பிடித்து, மாஸ்டர் ஊர் ஊராக அலைந்தார். மழைக்காலம் முடிவதற்குள் மகன் கிடைத்துவிட்டான். எங்கோ மலைப்பக்கம், டவர் வேலையிலேயே, தாடியும் ஒரு குழந்தையுமாக. மாஸ்டர் போன் செய்தார். "உங்க படம்தாம்மா, உங்க படம்தாம்மா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று அக்கா இனிப்புச் செய்தாள். நடந்ததெல்லாம் நல்லதற்குத்தான் என்று இரண்டு பேரும் நம்பிவிட்டார்கள்.

சில வாரம் கழித்து மகனே கூப்பிட்டான். மனைவி குழந்தையோடு அப்பா வீட்டுக்கு வந்திருந்தானாம். வெளியே நின்று பேசுகிற மாதிரி இருந்தது; பின்னால் வண்டிகளின் ஹாரன்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லலாமா வேண்டாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன்."

"சொல்லுங்க தம்பி."

"அந்தப் படத்துல இருக்கிறது நான் இல்ல."

வாலு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அப்ப நாங்க நாலு பேர் ஒரே ரூம்ல இருந்தோம். புதுசா ஒருத்தர் வேலைக்கு வந்தார். எங்களைவிட வயசு அதிகம். யார்கூடவும் பேச மாட்டார். ஒருநாள் கேமராவைக் கேட்டார், கொடுத்தேன். அன்னைக்கு உங்க மாடிக்கு டவர் பார்க்கப் போனது அவர்தான். சாயங்காலம் கேமராவைத் திருப்பிக் கொடுத்தார். ரூம்ல நெட் கிடைச்சதும் அதுல இருக்கிற படம் தானா என் கணக்குக்கு ஏறிடும். நான் அதைப் பார்க்கவே இல்ல. அப்புறம் பணம் முடைன்னு கேமராவையும் வித்துட்டேன்."

"அவர் இப்ப எங்க?"

"அடுத்த நாள் வேலைக்கு வரலை. பையும் இல்ல. எந்த ஊர், என்ன பேர், யாருக்கும் சரியாத் தெரியல. புதுசு புதுசுன்னுதான் கூப்பிடுவோம்."

"அவர் ஒரே ஒரு படம்தான் எடுத்தாரா?"

"ஏறினது அது ஒண்ணுதான் அக்கா."

"அப்பாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"அதுக்குத்தான் கூப்பிட்டேன். சொல்லாதீங்க. ஸ்கூல் ஆபீஸ்ல, அவர் நாற்காலிக்கு மேல, சட்டம் போட்டு மாட்டியிருக்கார். லைசென்ஸுக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும் என் பையன், இந்தப் படத்தாலதான் கிடைச்சான்னு காட்டறார். நான் பக்கத்துல நிக்கிறேன். படத்தைப் பார்த்து, என்னைப் பார்த்து, ஆமா அதே ஜாடைங்கிறாங்க. நேத்து என் குழந்தை அதைப் பார்த்து அப்பான்னுச்சு அக்கா." அவன் குரல் இறங்கியது. "எனக்கு அந்த ரூமுக்குள்ள போகவே பிடிக்கல."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாள். இன்று வரை சொல்லவும் இல்லை. மாஸ்டர் நல்ல நாள் பெரிய நாளில் கூப்பிட்டு நலம் விசாரிப்பார். படம் அப்படியே இருக்கிறது, தினம் துடைக்கிறேன் என்பார். அவள் சரி சார் என்பாள்.

வீட்டுச் சொந்தக்காரரிடம் மாடிக் கதவுக்கு வேறு பூட்டுப் போடச் சொன்னார்கள். டவர்க்காரர்களுக்கு வழி விட வேண்டும் என்பது ஒப்பந்தம், புதுப் பூட்டுப் போட்டாலும் ஒரு சாவி அவர்களுக்குத்தான் போகும் என்றார் அவர். சரிபார்க்கிற வேலையை வாலு விட்டுவிட்டாள். ஆஸ்பத்திரி வேலை அதிகம் என்று எழுதினாள். படம் எடுப்பதை விட முடியவில்லை. முதல் சில வாரம் மேலே போய், கேமராவைத் தூக்கி, பாதியில் இறக்கி, திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஒரு படமும் உருப்படியாக வரவில்லை.

அக்கா இதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கீழ் வீட்டுக்காரரைத் துணைக்கு அழைத்துத் தையல் மெஷினை மாடிப் படியில் ஏற்றினாள். மாடிக் கதவைப் பார்க்கப் போட்டு, முக்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"என்னக்கா இது, காத்துல துணி பறக்கும்."

"பறந்தா பிடிச்சுக்கறேன். நீ உன் வேலையைப் பாரு."

தூரத்தில் விளக்கு தெரிந்தது. வாலு அக்காவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று கேமராவைத் தூக்கினாள். சத்தம் வளர்ந்து வளர்ந்து, தையல் மெஷினின் சத்தத்தை விழுங்கியது. அக்கா இன்னும் அங்கே இருக்கிறாளா என்று பார்க்கத் தோன்றியது, பார்க்கவில்லை. விமானம் கடந்து, சத்தம் அடங்கி, மெஷின் மறுபடி கேட்கும் வரைக்கும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டே நின்றாள்.